கண்மாயை மேலிருந்து அளப்பது: இலவச வரைபடக் கருவிகள் பற்றி ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவரின் மதிப்பீடு

சங்கிலி இழுத்து, கல் நட்டு, புலப்படம் வரைந்தே வேலைக்காலத்தை முடித்தவன் நான். ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் கடலோரத்தில் ஊர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வேலைகள் தேடி வந்தன. கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதியில், சீமைக் கருவேலம் எவ்வளவு பரப்புக்கு ஏறியிருக்கிறது என்று அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கணக்கு வேண்டியிருந்தது. கடற்கரையில் வலை காயப்போடும் இடத்தையும் வத்தை என்கிற நாட்டுப்படகு ஏற்றும் துறையையும் ஒரு படத்தில் காட்டித் தரச் சொல்லி மீனவர்கள் கேட்டார்கள். இரண்டுமே எல்லைத் தகராறு இல்லை, கல் நடும் வேலையும் இல்லை. அதனால் கணினியிலும் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிற வரைபடக் கருவிகளை எடுத்துக்கொண்டேன். உலக நாடுகள் தண்ணீரையும் காட்டையும் கணக்கெடுக்கப் பயன்படுத்துகிற அதே கருவிகள்தான் இவை. நம் மாவட்டத்தில் எது உதவும், எதை நம்பி எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை, இதில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கூகுள் எர்த் ப்ரோ, பூமியை மேலிருந்து எடுத்த படங்களைக் காட்டும் மென்பொருள். ஒரு காலத்தில் ஆண்டுச் சந்தா கட்டி வாங்க வேண்டியிருந்ததை 2015-ல் இலவசமாக்கினார்கள். கைப்பேசியில் வருவதை விட்டுவிட்டு, கணினியில் நிறுவும் வடிவத்தை எடுங்கள். மேலே கடிகாரம் போட்ட பொத்தானை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் ஆண்டுவாரியாக வரும். உப்பளம் எந்த வருஷம் விரிந்தது, இறால் குட்டை எப்போது வெட்டியது, வரத்துக்காலின் குறுக்கே எப்போது மண் விழுந்தது என்பதையெல்லாம் வாய்ச்சண்டை இல்லாமல் பேச இது ஒன்று போதும். எல்லை வரைந்தால் பரப்பும் சொல்லிவிடும். கீழ்வரியில் படம் எடுத்த தேதி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் எடுத்த படம் சாட்சிக்கு உதவாது. இதை நேரலை என்று நம்புகிறவர்கள் இன்னமும் நிறைய இருக்கிறார்கள். சில ஊர்களுக்கு வருஷத்தில் பல படங்கள் கிடைக்கும், சில ஊர்களுக்கு நடுவில் பல வருஷங்கள் ஒன்றுமே இருக்காது.

நில அளவர் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. இரண்டு தேதிப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தாது, சில மீட்டர் விலகும். கிணறு நகராது; படத்தை நிலத்தில் பொருத்தும்போது வந்த விலகல் அது. எனவே எதை அளக்கும் முன்பும் இடம் மாறாத ஒன்றை இரண்டு படத்திலும் குறித்து, விலகல் எவ்வளவு என்று பாருங்கள். கோயில் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ எடுக்காதீர்கள், உயரமானவை படத்தில் ஒருபக்கம் சாய்ந்து தெரியும். கலுங்குக் கட்டு (கண்மாயின் உபரி நீர் வழியும் கட்டு), கிணற்று மேடை, தரைப்பாலத்தின் முனை இவை நல்லவை. விலகல் 5 மீட்டர் என்றால், 5 மீட்டருக்குக் குறைந்த எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று சொல்லாதீர்கள்.

கடற்கரையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். "கடல் இத்தனை அடி உள்ளே வந்திருச்சு" என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பரப்புவதைப் பார்க்கிறேன். ஒன்று கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்துப் படம், மற்றது வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக் காலத்துப் படம். கச்சானில் ஒரு பக்கம் அரித்த மணலை வாடை திருப்பிக் கொண்டுவந்து போடும் கரைகள் நம்மிடம் உண்டு. அந்தக் கரையில் மாசியையும் ஆவணியையும் ஒப்பிட்டால் இல்லாத அழிவு தெரியும், இருக்கிற அழிவு மறையும். ஒரே மாதத்துப் படங்களைப் பல வருஷத்துக்கு எடுத்து வரிசையாகக் கோடு போட வேண்டும். பாக் நீரிணைப் பக்கம், நம்மவர்கள் பெண் கடல் என்கிற அந்தப் பக்கம், தரைச் சரிவு மிகக் குறைவு. அங்கே தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கினாலே கரைக்கோடு வெகுதூரம் தள்ளிப் போய்விடும். ஈரமணலின் விளிம்பை விட, காய்ந்த மேட்டில் அடம்பன் கொடி தொடங்கும் இடத்தைக் கோடாக எடுப்பது நிதானமான அளவு என்பது என் கருத்து. இன்னொன்று, 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி இதில் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது. அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனதே 1972-ல்தான். அதற்கு முந்தையதற்குப் பழைய அளவைத் தாள்களைத் தேட வேண்டும்.

அடுத்தது கோபர்நிகஸ் பிரவுசர். எனக்கு அதிகம் உழைத்தது இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். பெயரைப் பதிந்தால் தரவிறக்கவும் செய்யலாம், காசு கிடையாது. சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இருக்கின்றன. 2017-ல் இரண்டாவது கோளும் ஏறியபின் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை நம் மாவட்டத்தின் மேல் படம் விழுகிறது.

இதன் துல்லியம் 10 மீட்டர் என்பார்கள். பட்டா பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்குமே, அந்த 1 ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி சரியாக 1 ஏர். லேண்ட்சாட்டின் 30 மீட்டர்ப் புள்ளி 9 ஏர். ஆக, கண்மாய் முழுவதற்கும் கணக்குப் போடலாம், உட்பிரிவுக்குப் போட முடியாது. வயல் வாய்க்கால் தெரியாது. கரை தெரியும், ஆனால் கரையின் அகலத்தை இதில் அளக்கக் கூடாது.

கருவேலத்தைப் பிரித்தெடுக்க நம் மண்ணே ஒரு வழி வைத்திருக்கிறது. இங்கே நெல் ஒரு போகம், மழையை நம்பியது. தையில், மாசியில் அறுப்பு முடிந்து, மிளகாய்ப் பழம் பறிப்பதும் ஓய்ந்து, சித்திரை வைகாசியில் காடு முழுக்கக் காய்ந்து கிடக்கும். அந்த மாதத்துப் படத்தை எடுத்து, இலைப்பச்சையைச் சிவப்பாகக் காட்டும் அகச்சிவப்புக் கலவைக்கு மாற்றுங்கள். நீர்ப்பிடிப்புக்குள் சிவப்பாக நிற்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம். கடலோரத் தென்னந்தோப்பும் சிவப்பாகத்தான் வரும், ஆனால் அது கண்மாய்க்குள் இருக்காது. கரையில் நிற்கிற நாட்டுக் கருவேலத்தையும் பனையையும் கூகுள் எர்த் ப்ரோவின் தெளிவான படத்தில் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். பனையை அதன் நிழலை வைத்தே ஒவ்வொன்றாக எண்ணிவிட முடியும். இப்படி வருஷா வருஷம் வைகாசிப் படங்களை அடுக்கினால், மரம் எந்த மூலையில் தொடங்கி எந்தப் பக்கம் ஏறியது என்பது கண்கூடு. எங்கள் கண்மாயில் அது வரத்துக்கால் நுழையும் வாயில்தான் முதலில் அடர்ந்தது. மண் படிகிற இடமும் அதுதான். முதலில் எங்கே வெட்டித் தூர்வார வேண்டும் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

இனி இந்தக் கருவியின் பெரிய தடை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கண்மாய் நிறைவதைப் பார்க்க வேண்டிய அந்த மாதங்களில் படம் முழுக்க வெண்மேகம். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகும். அப்போது அதே பிரவுசரில் சென்டினல்-1 என்ற ராடார் படத்துக்கு மாற வேண்டும். ராடார் அலை மேகத்தை ஊடுருவும், இரவிலும் எடுக்கும். சலனமில்லாத தண்ணீர் கண்ணாடிபோல அலையை மறுபக்கம் திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். காற்றடித்துத் தண்ணீர் சிலுசிலுத்தால் கறுப்பு வெளுக்கும். புயல் நாளின் படத்தை வைத்துக் கண்மாய் நிறையவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். கறுப்பு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதே என்று இளைஞர்கள் இதைத் தொடுவதே இல்லை. நம் மாவட்டத்துக்கு இதுதான் முக்கியமான படம்.

மூன்றாவது, உலக மேற்பரப்பு நீர் வரைபடம். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 2016-ல் வெளியிட்டது. 1984 முதல் லேண்ட்சாட் எடுத்த சுமார் 30 லட்சம் படங்களைக் கூகுளின் எர்த் எஞ்சின் என்ற கணிப்புத் தளத்தில் ஓட்டி, பூமியில் எந்த 30 மீட்டர்ப் புள்ளியில் எத்தனை காலம் தண்ணீர் இருந்தது என்று வண்ணம் போட்டிருக்கிறார்கள். இதற்குப் படிப்பே தேவையில்லை. திறந்து ஊரைத் தேடினால் போதும். ராமநாதபுரம் பெரிய கண்மாய், ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் எல்லாம் முதல் பார்வையிலேயே அடையாளம் தெரியும். இவ்வளவு பெரிய வேலையை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஐக்கிய நாடுகள் சபையின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 6.6.1 என்ற குறியீடு, ஏரி, ஆறு, ஈரநிலங்களின் மாற்றத்தைக் கணக்கெடுப்பது. அதற்கும் இந்தத் தரவு பயன்படுகிறது.

அதனாலேயே அதன் வரையறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அது கணக்கெடுப்பது வானத்துக்குத் திறந்து கிடக்கும் தண்ணீரை. செய்தவர்களே அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் நம் கண்மாய்களில் பாதித் தண்ணீர் மரத்துக்கு அடியில் நிற்கிறது. கருவேலம் மூடிய உள்வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு படத்தைப் பார்த்தால், அந்த இடம் தரையாக இருக்கும். இன்னும் கவலைக்குரியது சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைக் கண்மாய்கள். இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆக, ஈரநிலமாக மதிப்பு மிகுந்த இடத்தில்தான் மேலிருந்து பார்க்கத் தண்ணீர் குறைவாகத் தெரிகிறது. எங்கோ இருந்து பட்டியல் போடுகிறவருக்கு இது தெரிய வழியில்லை. கரையில் நிற்கிற நாம்தான் சொல்ல வேண்டும்.

சென்டினல்-1 ராடாரும் அடர்ந்த மரத்தைத் தாண்டி உள்ளே போகாது, அதன் அலை சிறியது. எனக்கு நம்பிக்கை தருவது நிசார் என்ற ராடார் செயற்கைக்கோள். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏற்றியது. அதன் எல் அலைவரிசை நீளமான அலை, மரக்கூரைக்குள் புகுந்து அடியில் தண்ணீர் நிற்பதைக் காட்டக்கூடியது. 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கும். கருவேலத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீரைக் கணக்கில் கொண்டுவர யாராவது ஒரு கல்லூரி மாணவர் இந்த மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், தரையில் நடந்து சரிபார்க்க நான் கூட வருகிறேன்.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்மாயில் கருவேலத்தை அகற்றினால் எல்லாப் பசுமைக் குறியீடும் இறங்கும். உலக வரைபடத்தில் அது பசுமை இழப்பு. எங்களுக்கு அது கண்மாய் திரும்பக் கிடைத்த செய்தி. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அது வேறொரு செய்தி. ஒரே புள்ளி, ஒரே எண், மூன்று அர்த்தம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திட்டம் போடுகிறவர்களை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

கடலுக்குள் இருப்பதைப் பற்றிச் சுருக்கமாக. காரங்காட்டு அலையாத்திக் காட்டைப் பார்க்கக் குளோபல் மாங்குரோவ் வாட்ச் என்ற இணையதளம் போதும். பரப்பு ஏறியதா இறங்கியதா என்று ஆண்டுவாரியாகச் சொல்கிறது, ஆனால் ஓடைக்கரையில் ஒரு வரிசையாக நிற்கும் மரங்களை அதில் தேடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு ஆலன் கோரல் அட்லஸ் என்ற இணைய வரைபடம் இருக்கிறது. தெளிந்த, ஆழமற்ற தண்ணீரில் நன்றாகக் காட்டும். கலங்கிய தண்ணீரில் எந்தச் செயற்கைக்கோளுக்கும் அடித்தரை தெரியாது. பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்கிற கடற்பசு மேயும் கடற்புல் திட்டுகளுக்குப் படகில் போகிறவர்களின் வார்த்தைதான் இன்றைக்கும் முதல் ஆதாரம்.

கடைசியாகக் கியூஃபீல்டு. கைப்பேசியில் ஓடும் கள அளவைச் செயலி. கணினியில் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தயார் செய்து கைப்பேசிக்கு ஏற்றிவிட்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். நடக்க நடக்கக் கோடு விழும். நின்ற இடத்தில் புகைப்படம் எடுத்தால் அந்தப் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தமிழிலேயே தட்டலாம். ஆரம்பத்தில் கியூஜிஸ் மிரட்டும். ஆங்கிலப் பொத்தான்கள் அடுக்கடுக்காக இருக்கும். தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் ஏறும். அதைத் தாண்டிவிட்டால் இதற்கு ஈடு இல்லை.

திறந்தவெளியில் கைப்பேசி ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். கருவேலத்துக்குள் நுழைந்தால் பிழை கூடும். மடை, கலுங்கு, களம், துறை குறிக்க இது போதும். வரப்புத் தகராறுக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் புத்தகமும் பிர்கா சர்வேயரும்தான் அதற்கு.

நான் வரைந்த புலப்படங்களில் கடற்கரை என்பது ஒரே ஒரு எண், புறம்போக்கு என்று ஒரு சொல். வலை காயும் மணல், கருவாட்டுக் களம், வத்தை ஏற்றும் சரிவு, பாசி எடுக்கும் பெண்கள் துணி மாற்றும் மறைப்பு, எதற்கும் அதில் கோடு கிடையாது. கோடு இல்லாத இடம் காலி இடம் என்று வெளியாருக்குத் தோன்றும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் அவர்கள் பொதுவில் பயன்படுத்தும் இடங்களையும் மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. வரைவு வரைபடம் கருத்துக்கேட்புக்கு வரும்போது எங்கள் இடம் இதில் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல, கையில் நம்முடைய வரைபடம் வேண்டும். கியூஃபீல்டு அதைத் தருகிறது. கரையில் என்னோடு நடந்து ஒவ்வொரு இடத்துக்கும் பெயர் சொன்னவர்கள் அங்கே வேலை செய்கிறவர்கள். நான் கைப்பேசியைப் பிடித்ததோடு சரி.

பாசி எடுக்கும் ஒரு பெண் மட்டும் தயங்கினார். "கரையில இருக்கறதப் போடுங்க சார். நாங்க பாசி எடுக்குற பாரை எல்லாம் போட்டீகன்னா நாளைக்கு ஊரு ஒலகமே வந்துருமே."

"சரிங்க அக்கா, அதைப் போடலை" என்று அந்தப் புள்ளிகளை அங்கேயே அழித்தேன். அவர் சொன்னது முழுக்க நியாயம். திறந்த வரைபடம் நல்லது. 2010-ல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் வரைந்த தெருக்கள் மீட்புப் பணிக்கு உதவின. நம் ஊர்த் தெருவையும் மடையையும் புயல் காப்பகத்துக்குப் போகும் வழியையும் நானும் அதில் ஏற்றியிருக்கிறேன். மீன் கிடைக்கும் இடமும், பாசி எடுக்கும் பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டும் அந்த வகை இல்லை. எது பொதுவில் போக வேண்டும் என்பதை அந்த இடத்தில் பிழைக்கிறவர்கள் முடிவு செய்ய வேண்டும், செயலியைக் கையில் வைத்திருக்கிறவர் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூகுள் எர்த் ப்ரோவில் ஊரைச் சுற்றிப் பழகிக்கொண்டு, நேரே கோபர்நிகஸ் பிரவுசருக்குப் போங்கள். நீர் வரைபடத்தைப் பழைய காலத்தை ஒப்பிடமட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கியூஃபீல்டை ஊரில் ஒருவராவது கற்றுக்கொள்ளுங்கள்; பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நன்றாக வருகிறது. படம் எதுவானாலும் எடுத்த தேதி, எடுத்த கோள், ஒரு புள்ளியின் அளவு மூன்றையும் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் மனுவோடு இணைக்க வேண்டும். இந்த வருஷத்துக் கண்மாய்க் கணக்கு போட நினைக்கிறவர்கள் வைகாசிப் படத்தை இப்போதே இறக்கி வைத்துக்கொண்டு, மேகம் கூடும் முன் புரட்டாசியில் உள்வாய்க்குள் ஒருமுறை நடந்து சரிபார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு தை வரைக்கும் ராடார்தான்.